மூக்குச் சாட்சி

முட்டையை அவர் நேராகத் தவாவில் உடைத்து ஊற்றி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முதலில் ஒரு வாட்டியில் உடைப்பார். பம்பாய்ப் பக்கம் கிண்ணத்துக்கு அதுதான் பெயர். உடைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நீட்டுவார்.

“மோந்து பாரு.”

“நல்லா இருக்கு ஆன்ட்டி.”

அதோடு விட மாட்டார். வாட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போவார். அங்கே தலை துவட்டிக்கொண்டிருக்கும் மேகாவின் முகத்துக்கு நேரே நீட்டுவார். அப்போது எனக்கும் மேகாவுக்கும் நடுவில் நின்றுகொள்வார். நான் கண்ஜாடை காட்டி அவளும் அதையே சொல்லிவிட்டால் என்ன செய்வது? இரண்டு மூக்கும் தனித்தனியாகச் சாட்சி சொன்ன பிறகுதான் அந்த முட்டைக்கு விடுதலை. அடுத்த முட்டைக்கு விசாரணை திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

நானும் மேகாவும் பம்பாய் செம்பூரில் அவர் வீட்டில் பேயிங் கெஸ்டாக இருந்தோம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், பழைய கட்டடம், மூன்றாவது மாடி. நான் திண்டுக்கல்லிலிருந்து கணக்குப் பிரிவு வேலைக்கு வந்தவள். மேகா கோலாப்பூர்க்காரி. என்னைத் தமிழிலும் அவளை இந்தியிலும் சந்தேகப்படுவதற்கு ஆன்ட்டிக்குச் சொற்கள் குறைவின்றி இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தாதரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் நவி மும்பைப் பக்கம் நெருளில் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டார். ஆன்ட்டி மட்டும் அந்த வீட்டையும் அந்த அடுப்பையும் விடாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கிழங்கு முட்டைதான். குழிந்த இரும்புத் தவா ஒன்று, ஒரு கையால் தூக்க முடியாது. உருளைக்கிழங்கைத் தோலோடு அரைவேக்காடாக அவித்து, கையால் பிட்டுப் போடுவார். கத்தியால் நறுக்கினால் ஓரம் மொறுமொறுக்காது என்பார். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் சோம்பு, முந்தின நாள் மிஞ்சிய கோழிக்கறி இருந்தால் அதையும் பிய்த்துப் போட்டு, கிளறாமல் காத்திருப்பார். கிளறாமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான வேலை. அடியில் சிவந்த பொருக்கு கட்டியதும் ஒரே புரட்டு. பிறகு கரண்டியின் முதுகால் அங்கங்கே குழி பறித்து, விசாரணை முடிந்த முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, மூடி போடுவார். மூடியைத் திறக்கும்போது வெள்ளை உறைந்திருக்க வேண்டும், மஞ்சள் ஆட வேண்டும்.

“கலக்கி ஊத்தினா என்ன ஆன்ட்டி?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“கலக்கிட்டா எந்த முட்டை எதுன்னு எவனுக்குத் தெரியும்? முழுசா உக்காந்திருந்தா கண்ணுக்குத் தெரியும்லா.”

இந்தச் சமையலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கணவரின் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த ஒரு பார்சி அம்மாள். பார்சிக்காரர்கள் உருளைக்கிழங்கின் மேல் முட்டையை உடைத்து ஊற்றிச் செய்கிற பதார்த்தம் அது. அந்த அம்மாள் எப்போதோ இறந்துவிட்டார். ஆனால் அவர் மேல் ஆன்ட்டிக்கு இருந்த வழக்கு முடியவில்லை.

“ஒண்ணு சொல்லாம விட்டுட்டா, பிள்ள. எனக்குத் தெரியும். அவ வீட்டுல தின்னா ஒரு ருசி, இங்க செஞ்சா வேற ருசி. எதையோ ஒண்ணை மறைச்சிட்டுத்தான் போயிருக்கா.”

அந்த மறைக்கப்பட்ட ஒன்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சேர்ப்பார். ஒரு வாரம் ஒரு சொட்டு வினிகர், ஒரு வாரம் ஒரு சிட்டிகைச் சர்க்கரை. எங்களைச் சாப்பிடச் சொல்லி முகத்தைப் பார்ப்பார். நாங்கள் எது சொன்னாலும், “இல்ல, இது இல்ல” என்பார். நல்ல மனதோடு சொல்லிக்கொடுத்த ஒருத்தியை இத்தனை வருடம் சந்தேகிக்க முடியுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடு இரண்டாவது தட்டும் வாங்கிக்கொள்வேன்.

சந்தேகத்தில் அவர் ஆள் பார்க்க மாட்டார். கீழே காய்கறி வண்டிக்காரரிடம் தராசை இடம் மாற்றி வைத்து மறுபடி நிறுக்கச் சொல்வார். அவரும் பழகிப்போய், இவரைப் பார்த்ததும், “ஆயியே இன்ஸ்பெக்டர் மேடம்” என்று தாமே தராசைத் திருப்பி வைப்பார். அப்படித் தானாகத் திருப்பி வைத்தாலும், “என்ன இன்னிக்கு அவனே திருப்புதான்?” என்று ஆன்ட்டி வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வருவார். பார்சல் கொண்டுவருகிறவர்கள் ஓடிபி கேட்டால் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், “நீ முதல்ல உன் பேரைச் சொல்லு, அப்புறம் நான் நம்பரைச் சொல்லுதேன்” என்று இந்தியில் பேரம் பேசுவார். வெங்காயக் கூடையையும் உருளைக்கிழங்குப் பையையும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டி வைப்பார். நான் ஒருமுறை ஒரு வெங்காயம் எடுத்துவிட்டு அதே மாதிரி கட்டி வைத்தேன். சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. “கேட்டா தர மாட்டேனா?” என்றார்.

என்மேல் அவருக்கு வந்த சந்தேகம் தனி ரகம். வீடு பார்க்க வந்த முதல் நாளே அது ஆரம்பித்துவிட்டது.

“எங்க பாத்த விளம்பரத்தை?”

“போன்ல வந்துச்சு ஆன்ட்டி.”

“அதைப் போட்டது எம்மவன். அவனை உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது ஆன்ட்டி.”

“தமிழ்ப் பிள்ளையாப் பாத்து அனுப்பியிருக்கான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் அவர் மகனின் ஒற்றர் என்பது அன்றே முடிவாகிவிட்டது. நான் அவர் பக்கத்தில் நின்று போன் பேசினால் பாத்திரம் கழுவுகிற குழாயை மூடிவிடுவார், காதில் விழ வேண்டும் என்று.

மகன் அவரை நெருளுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தார். மருமகள் கெட்டவள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “நல்ல பிள்ளைதான்” என்பார். ஒருமுறை மட்டும், கிழங்கைப் பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“அங்க எனக்குக் கட்டில் இருக்கு. டிவி இருக்கு. ஏசி இருக்கு. அடுப்பு கிடையாது.”

அவர் என்னைச் சந்தேகித்ததில் தவறே இல்லை என்று நிரூபிப்பதுபோல ஒருநாள் அவர் மகன் எனக்குப் போன் செய்தார். வாடகை ஒப்பந்தத்தில் என் நம்பர் இருந்தது. மரியாதையானவர். தமிழும் இந்தியும் கலந்த பம்பாய்ப் பேச்சு.

“தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா தனியா இருக்காங்க. ஃபோன்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க கொஞ்சம் த்யான் வச்சுப் பாத்துக்குங்க. எதாவது வித்தியாசமாப் பட்டா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அவ்வளவுதான்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. ஆன்ட்டி அடுப்படியில் எங்களைப் பார்ப்பார், நான் ஹாலில் உட்கார்ந்து ஆன்ட்டியைப் பார்ப்பேன். வித்தியாசமாகப் படுகிறதா என்று தேட ஆரம்பித்தால் எல்லாமே வித்தியாசமாகத்தான் படும். ஊதுபத்தியை ஒன்றுக்கு மூன்றாகக் கொளுத்துகிறார், ஏன்? பால் அடிபிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார், ஏன்? மறதி வந்துவிட்டதா? என் ஊரில் ஒரு சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

மழைக்காலத்தில் பழைய அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது. மேகா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நடந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆன்ட்டி அந்த அலமாரிக்கு முன்னாலேயே முறத்தை வைத்துக்கொண்டு அரிசி பொறுக்கினார், பாட்டுப் பாடாத குறையாக. கடைசியில் மேகா தாங்க மாட்டாமல், “ஆன்ட்டி, சூஹா மர் கயா ஹை” என்று எலியைச் சொல்லிவிட்டாள். ஆன்ட்டி ஒரு நொடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு முந்தாநாளே தெரியும்” என்றார். “நீங்க சொல்லுதீங்களா இல்ல சும்மா இருக்கீங்களான்னு பாத்தேன். வீடு நாறினாலும் வாயைத் திறக்க மாட்டேங்கியளே.”

நாங்கள்தான் குற்றவாளிகளாகத் தலையைக் குனிந்துகொண்டு அலமாரியை நகர்த்தினோம். மேகா இரவு படுக்கும்போது, “இவங்க நம்மள டெஸ்ட் பண்றாங்கன்னா, மூணு நாள் அந்த நாத்தத்துல உக்காந்தா பண்ணுவாங்க?” என்று இந்தியில் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.  அவர் குணம் அப்படி என்று விட்டுவிட்டோம். ஒரு ஆளின் குணம் ஊரறிந்ததாகிவிட்டால் அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

எட்டியது ஒரு சாயங்காலம். ஆபீஸிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டேன். இரண்டாவது மாடி திரும்பும்போதே வாசனை வந்தது. கேஸ். செம்பூரில் காற்று ஒரு பக்கமாக வீசினால் டிராம்பே பக்கத்து ஆலை வாடை வரும், அதுவாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கதவைத் திறந்ததும் அது எங்கள் வீடுதான் என்று தெரிந்துவிட்டது. தொண்டை எரிந்தது. ஆன்ட்டி அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. கையில் லைட்டர்.

“அடிக்காதீங்க ஆன்ட்டி!”

நான் அவ்வளவு சத்தம் போடக்கூடியவள் என்று எனக்கே தெரியாது. அவர் கை அப்படியே நின்றது. ஓடிப்போய் குமிழைத் திருகி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வாசற்படியில் உட்காரவைத்தேன்.  அவர் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி: “யாரு திறந்துவிட்டது?”

“யாரும் திறக்கல ஆன்ட்டி. பால் பொங்கித் தீ அணைஞ்சிருக்கு. கேஸ் வந்துட்டே இருந்திருக்கு.”

“உனக்கு வாசம் வந்துச்சா?”

“மாடிப்படியிலேயே வந்துச்சு.”

 அவர் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாட்டி, எலி, ஊதுபத்தி, தீய்ந்த பால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புரிந்தது.

“வாசம் கொரோனால போச்சு” என்றார். “எல்லாருக்கும் திரும்ப வந்துச்சாம். டாக்டரும் வந்துரும்னுதான் சொன்னான். எனக்கு அவன்மேல அப்பமே சந்தேகம்.”

“யாருக்குமே தெரியாதா?”

“தெரிஞ்சா அன்னைக்கே எம்மவன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தியிருப்பான்லா.” பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். “அவன் உனக்கு போன் பண்ணுதான்தானே?”

“ஒரு தடவை பண்ணினார்.”

“நான் முதல் நாளே கண்டுபிடிச்சேன்” என்றார். சாவின் வாசலிலிருந்து எழுந்து வந்த பெண்மணியின் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு திருப்தி.

அன்று இரவு மெசேஜ் அடிக்கப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொல்லாவிட்டால் மூன்று பேரும் ஒருநாள் எரிந்துபோவோம். சொன்னால் அவர் அடுப்பு அன்றோடு அணைந்துவிடும். இரண்டில் எதையும் என்னால் செய்ய முடியவில்லை. மேகாவிடம் சொன்னேன். அவள் அழவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. கேஸ் கசிந்தால் கூவுகிற ஒரு சின்னக் கருவியைப் போனிலேயே ஆர்டர் செய்தாள். அது வந்து சேர்ந்ததும் சிலிண்டருக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்த பிளக்கில் மாட்டினோம். பச்சை விளக்கொன்று மினுக்கியது.

ஆன்ட்டி அதை ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதுல கேமரா இருக்கு.”

“இல்ல ஆன்ட்டி. கேஸ் வந்தா கத்தும், அவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்குக் கண்ணை மினுக்குது? எம்மவன் நெருள்ல உக்காந்து போன்ல பாத்துக்கிட்டிருப்பான். நீங்க ரெண்டு பேரும் அவன்கூடச் சேந்துட்டீங்க.”

மேகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஆன்ட்டி, யா தோ யே, யா தோ நெருள்.” ஒன்று இது, இல்லாவிட்டால் நெருள். அந்த ஊர்ப் பெயர் வேலை செய்தது.  ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே பெரிய மெரூன் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டியிருந்தார். கருவிக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். குங்குமம் வைத்த ஒரு பிளாஸ்டிக் சாமி அடுப்படியில் குடியேறியது.

அந்தப் பொட்டுதான் காட்டிக்கொடுத்தது. சாதாரணப் பச்சை விளக்காக இருந்திருந்தால் அவர் மகன் கவனித்திருக்கவே மாட்டார்.

அவர் சொல்லாமல் ஒரு ஞாயிறு காலையில் வந்தார். பார்த்த உடனே யார் மகன் என்று தெரியும். செருப்பைக் கழற்றும்போதே தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். ஹாலில் உட்கார்ந்து சுவர் ஓதத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஆன்ட்டி தவாவில் கிழங்கைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். பொருக்குக் கட்டும் வாசனை எங்களுக்கு வந்துவிட்டது. நான் சும்மா தண்ணீர் எடுப்பதுபோலப் போய், “நல்லா வாசனை வருது ஆன்ட்டி” என்றேன். அது எங்களுக்குள் ஏற்பட்டிருந்த ஏற்பாடு. அவர் உடனே புரட்டினார்.

மகன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சிலிண்டர் பக்கம் குனிந்தார்.

“யே க்யா ஹை? இதுக்கு எதுக்கும்மா பொட்டு?”

ஆன்ட்டி கரண்டியால் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

“கேஸ் அலாரம்” என்றாள் மேகா. “சேஃப்டி கே லியே.”

“யார் வாங்கினது? எப்போ?” அவர் கருவியைத் தொட்டார். பொட்டை நகத்தால் சுரண்டினார். பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்த முட்டைகளையும் வாட்டியையும் பார்த்தார். தாயின் மூளை மகனுக்கும் இருந்தது. அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

“போன தடவை வந்தப்போ என் ஷூவுல நாய் அசிங்கம். இந்தக் கிச்சன் வரைக்கும் வந்துட்டேன். அம்மா ஒண்ணுமே சொல்லல. பாத்ரூமையே ரெண்டு தடவை கழுவுற அம்மா.” அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்களை நான் கேட்டிருந்தேன்ல? அம்மாவுக்கு வாசனை தெரியுதா?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியுது அண்ணா, எங்களைவிட நல்லாத் தெரியுது, என்று சொல்லப்போகிறேன். பொய் தயாராக இருந்தது.

“தெரியாது” என்றார் ஆன்ட்டி.

கரண்டியைத் தவாவின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். “இவா எனக்காகப் பொய் சொல்லப் போறா. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதுல்லா. இன்னைக்கு எனக்காக உங்கிட்டச் சொல்லுதவ, நாளைக்கு எங்கிட்டயே சொல்லுவா. அது நமக்கு வேண்டாம். எனக்கு வாசம் தெரியாதுய்யா. கொரோனாலேர்ந்து தெரியாது.”

மகன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடிபட்டவர் குரலில் பேசினார்.

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“நெருளுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

தவாவில் கிழங்கு சீறிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி தீயைக் குறைத்தார். மேகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அம்மா, நான் உங்களை ஜெயில்ல போடப் போறேனா? ஒருநாள் ஃபோன் வரும், செம்பூர்ல பில்டிங்ல சிலிண்டர் வெடிச்சிருச்சுன்னு. நான் என்ன பண்ணுவேன்?”

“அலாரம் இருக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு மூக்கு இருக்கு.”

“இவங்க வாடகைக்கு இருக்கறவங்கம்மா. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. அவங்களை நம்பி எப்படி விட முடியும்?”

“நம்பியா?” ஆன்ட்டி அந்தச் சொல்லையே ஏதோ கெட்டுப்போன பண்டமாகப் பார்த்தார். “எனக்குத் தெரியாதா? இவா போகத்தான் போறா. ஆபீஸு ஐரோலிக்கு மாறுது. அங்கன ரூம் பாத்துக்கிட்டிருக்கா. போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு.”

உண்மைதான். ஐரோலியில் ஒரு பேயிங் கெஸ்ட் வீட்டை, பிஜி என்பார்கள், பார்த்து வைத்திருந்தேன். அங்கிருந்து ஆபீஸுக்கு நடந்தே போகலாம். செம்பூரிலிருந்து போவதென்றால் இரண்டு ரயில் மாற வேண்டும், போக வர அரைநாள் தொங்கல். அட்வான்ஸ் கொடுப்பதுதான் பாக்கி. அவர் அதைத் தெரிந்துகொண்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே எனக்காக ஒவ்வொரு ஞாயிறும் ஓரத்துப் பொருக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். 

“நான் போகல ஆன்ட்டி” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. மகன் நிமிர்ந்து பார்த்தார். ஆன்ட்டி என் பக்கம் முழுசாகத் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். முட்டையையும் வண்டிக்காரரையும் செத்துப்போன பார்சி அம்மாளையும் பார்த்த அதே கண்.

“ஏன்?”

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, அவர் அந்த அடுப்பைவிட்டுப் போவதை என்னால் பார்க்க முடியாது, அதுதான் காரணம். ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாவம் பார்க்கிறாள் என்று தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டுவார். பிடித்திருக்கிறது என்றால், இவளுக்கு என்ன வேணும் என்று ஆயுசு முழுக்க யோசிப்பார். காரணமில்லாத அன்பு என்று ஒன்று அவர் கண்ணில் பட்டதே இல்லை, பட்டால் நிச்சயம் வாட்டியில் உடைத்துப் பார்ப்பார்.

“ஐரோலி பிஜில முட்டை போட மாட்டாங்களாம் ஆன்ட்டி” என்றேன். “சுத்த சைவமாம். நாமளா வாங்கிச் சமைக்கவும் கூடாதாம். ஞாயித்துக்கிழமை நான் என்னத்தைத் தின்பேன்?”

அதுவும் உண்மைதான். விளம்பரத்திலேயே போட்டிருந்தது.

ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொய்யா என்று என் முகத்தில் எல்லா இடத்திலும் தேடினார். தேடி முடித்ததும் அவர் தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் போயிற்று. அந்த மூன்றாவது மாடியில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அதான பாத்தேன்” என்றார். மகன் பக்கம் திரும்பினார். குரலில் எதையோ ஜெயித்துவிட்ட நிம்மதி.

“கேட்டியாய்யா? இவா என்மேல உள்ள பாசத்துல ஒண்ணும் இருக்கல. திங்கதுக்குத்தான் இருக்கா. அப்பம்னா இவளை நம்பலாம்.”